வலது கைக் கடிகாரம்

பார்சிலோனாவிலிருந்து எங்கள் கோர்ட்ரைக் நகரத்துக்கு வான்வழியே ஆயிரத்து ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். அது ஊருக்குச் சொல்லும் கணக்கு. என் வீட்டுப் புறாக்கூண்டின் பலகை வரைக்கும் என்றால் இன்னும் நானூற்றுப் பதினெட்டு மீட்டர் சேர்க்க வேண்டும். சங்கத் தலைவர் நோர்பர்ட்டின் கூண்டு அதற்கும் அறுநூற்று இரண்டு மீட்டர் தள்ளி. எங்கள் சங்கத்தில் முப்பத்தொரு கூண்டுகள். முப்பத்தொன்றின் தூரமும் எனக்கு மனப்பாடம். என் கூடப்பிறந்த தங்கையின் பிறந்தநாளைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

என் பெயர் அல்மா. இருபது வருடமாகச் சங்கத்துக்குக் கணக்குப் பார்ப்பவள் நான்தான். புறா பறந்த தூரத்தை, பறந்த நிமிடங்களால் வகுத்தால் வேகம். வேகம் கூடியது ஜெயித்தது. இதற்கு இரண்டே இரண்டு நேரங்கள் சரியாக இருந்தால் போதும். புறா வந்து சேர்ந்த நேரம் வளர்ப்பவர் பொறுப்பு. தூர தேசத்தில் கூடையைத் திறந்து விட்ட நேரம், லாரியோடு போகிறவன் பொறுப்பு. அவன் போன் போட்டுச் சொல்லுவான், நாங்கள் எழுதிக்கொள்வோம். முடிவுத் தாளின் அடியில் 'விட்ட நேரம் சரி' என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். அதற்கு நேரே நான் கையெழுத்துப் போட்டால்தான் தாள் சுவரில் ஏறும்.

லாரியோடு போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் கணவர் ரெமி. இன்னொருவன் ஆகீல். ரெமி புறாக்களுக்குத் தண்ணீர் காட்டுவார், ஆகீல் ஓட்டுவான், கூடைகளைத் திறந்துவிடுவான். ஆகீலுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எனக்குக் 'கணக்கம்மா' என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

நான் சொல்வது அந்த வறட்சி வருடம், எழுபத்தாறு. அந்த வசந்தத்தில் பிரான்ஸ்காரர்கள் கோடைக்காக எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். நாங்கள் தள்ளவில்லை. எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரம் கூடிவிடும். மே மாதம் பிரான்ஸின் ஓர்லியானிலிருந்து விட்ட பந்தயத்தில் ஆகீல் அங்கிருந்த மாதா கோயில் கடிகாரத்தைப் பார்த்து விட்ட நேரத்தைச் சொல்லிவிட்டான். அன்றைக்குத் தென்காற்று வேறு, அதனால் வேகத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. தாள் ஏறியது, நோர்பர்ட்டுக்குக் கோப்பை கொடுத்தாயிற்று, அவர் ஊருக்கே பீர் வாங்கிக் கொடுத்து முடித்துவிட்டார். மூன்று நாள் கழித்து விஷயம் தெரிந்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டால் நோர்பர்ட்டின் புறா நான்காவது.

இருபது வருடத்தில் என் தாளில் விழுந்த முதல் அடித்தல் அது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சங்கம் கூடும் மதுக்கடையில், நாற்பது பேர் முன்னால், சிவப்புப் பென்சிலால் 'விட்ட நேரம் சரி' என்ற வரியையே குறுக்காக அடித்தேன். அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிறு சந்தையில் ஒரு மலிவான கைக்கடிகாரம் வாங்கி வந்து, எல்லோரும் பார்க்க அவன் வலது மணிக்கட்டில் கட்டினேன்.

"இடது கையில இருக்கறது அவங்க மணி. வலது கை நம்ம மணி. சின்னப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு சொன்னா போதும், உனக்கும் போதும்னு நம்புறேன்" என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவன் அந்தக் கடிகாரத்தைக் கழற்றவே இல்லை. இரண்டு கையிலும் இரண்டு கடிகாரம். போகிறவன் வருகிறவன் எல்லாம் "ஆகீல், மணி என்ன, ரெண்டையும் கூட்டிச் சொல்லு" என்று கேட்பான்.

ஜூலை மாதம் பார்சிலோனா பந்தயம். அதுதான் வருடத்தின் பெரிய பந்தயம். வெள்ளிக்கிழமை காலை அங்கே விட்டால், சனிக்கிழமைதான் இங்கே வந்து சேரும். புதன் சாயங்காலம் லாரியில் தொண்ணூறு கூடைகள் ஏறின. எங்கள் சங்கத்தின் ஆறு கூடைகளை முதலில் ஏற்றியதால் அவை அடி வரிசையில், டிரைவர் இருக்கைக்குப் பின்சுவரை ஒட்டிப் போய்விட்டன. அவற்றின் மேலும் முன்னாலும் மற்ற ஊர்க் கூடைகள். யாரும் ஏமாற்றக் கூடாதென்று சங்கத்தில் எல்லார் புறாக்களையும் அந்த ஆறு கூடையிலும் கலந்து போடுவது எங்கள் வழக்கம். என்னுடைய ஆறு புறாக்கள் கூடைக்கு ஒன்றாகப் போயின. ஒவ்வொரு கூடைக்கும் கம்பி முறுக்கி ஈய முத்திரை வைத்தோம்.

புறப்படும்போது ஆகீல் ஜன்னலிலிருந்து வலது கையை நீட்டி ஆட்டினான்.

"கணக்கம்மா, இது நம்ம மணி. பார்த்துக்கோ."

"பார்க்கத் தெரிஞ்சா சரி" என்றேன்.

நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மாற்றிச் சொல்ல இப்போது வழியில்லை.

ரெமிக்கு ஒரு பழக்கம் உண்டு. வழியில் நிறுத்தும் இடங்களிலிருந்து வீட்டுக்குப் போன் அடிப்பார். நான் எடுக்கக் கூடாது. பிரான்ஸில் வியெர்ஸோன் என்ற ஊரில் நிறுத்தினால் இரண்டு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார். லிமோஜ் என்றால் மூன்று. நலமாக இருக்கிறோம், இந்த இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். வியாழன் காலை சரியாக ஆறு மணிக்குப் போன் இரண்டு முறை அடித்து நின்றது. சரி, வியெர்ஸோன். இங்கிருந்து வான்வழியே நானூற்றுப் பத்து கிலோமீட்டர். நான் காபி போட்டுக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு லிமோஜிலிருந்து மூன்று முறை அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. பத்து ஆயிற்று. ஆகீல் எங்கேயாவது நிறுத்தி யாரிடமாவது வாய் வளர்த்துக்கொண்டிருப்பான் என்று திட்டிக்கொண்டே படுக்கை விரிப்புகளைத் துவைத்தேன். பந்தயத்தன்று எங்கள் தெருவில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கொல்லையில் காயப்போட மாட்டோம். வெள்ளைத் துணி ஆடினால் புறா மிரண்டு இறங்காது. ஆனால் அன்று வியாழன்தானே. புறாக்கள் கூடைக்குள் இருக்கின்றன, கூடை லாரியில் இருக்கிறது, லாரி தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. நான்கு விரிப்புகளையும் கொடியில் விரித்துப் போட்டேன்.

மதியம் ஒன்று தாண்டியிருக்கும். கொல்லைப் படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அசையாத வெயில். விரிப்பின் மேல் ஒரு நிழல் ஓடியது. திரும்பவும் ஓடியது. நிமிர்ந்து பார்த்தேன்.

என் நீலப் பெட்டை.

கூடைக்குள் இருக்க வேண்டிய புறா. அது கூரைக்கு மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இறங்க வரும், விரிப்பைப் பார்த்து மேலே எழும்பும், திரும்ப வட்டம் போடும். எழுந்து துணியை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, கத்தியைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் அது பலகையில் கால் வைத்தது. இருபது வருடப் பழக்கம், கண் அடுக்களைக் கடிகாரத்தைப் பார்த்தது, கை தானாக எழுதியது: 1.17. எங்கள் தொழிலில் புறா பலகையில் கால் வைக்கிற நேரம்தான் நேரம். வானத்தில் எத்தனை வட்டம் போட்டது என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கையில் எடுத்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, புறாவுக்கும் எனக்கும். காலில் பந்தய ரப்பர் வளையம் அப்படியே இருந்தது.

விரிப்புகளைப் பிடுங்கி உள்ளே எறிந்தேன். எறிந்து திரும்புவதற்குள் இரண்டாவது புறா இறங்கியது. 1.23. அப்புறம் ஒன்றுமில்லை. 1.33க்கு மூன்றாவது. 1.43க்கு நான்காவது. ஐந்தாவது 1.53க்கு வரும் என்று நான் தெரிந்துகொண்டே காத்திருந்தேன், வந்தது. 2.03க்கு ஆறாவது. அதோடு நின்றுவிட்டது.

சாதாரணமாகப் புறா வந்தால் எங்கள் தெருவே அமர்க்களப்படும். தீனி டப்பாவைக் குலுக்குவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்று ஒரு டப்பாவும் குலுங்கவில்லை. மதில்களுக்கு மேலே தலைகள் தெரிந்தன. ஆளுக்கொரு கொல்லையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வானத்திலிருந்து ஒரு கூட்டம் சத்தமில்லாமல் பிரிந்து, கூண்டு கூண்டாக இறங்கியது.

நோர்பர்ட் வாசலைத் தட்டாமல் அடுக்களைக்குள் வந்தார். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

"குடிச்சிருக்கான். நடு ரோட்ல குடிச்சுட்டுக் கூடையைத் திறந்து விட்டிருக்கான். பார்சிலோனா போச்சு. என்னோட பார்சிலோனா போச்சு."

"தலைவரே, உட்காருங்க."

"உட்கார்றதா? மே மாசமே இவனை வேலையை விட்டு அனுப்பியிருக்கணும். நீதான் சொன்னே, மணி பார்க்கத் தெரியாதவன்னு."

"உங்க புறாவும் பத்துப் பத்து நிமிஷமாத்தான் வந்துச்சா?"

அவர் யோசித்தார். "ஆமா. அதனால என்ன?"

"லாரி கவுந்து கூடை உடைஞ்சிருந்தா எல்லாம் ஒண்ணா வந்திருக்கும். குடிச்சவன் திறந்திருந்தா கண்டபடி வந்திருக்கும். இது ஒருத்தர் நின்னு, மணி பார்த்து, ஒவ்வொரு கூடையா திறந்தது. நம்ம கூடை ஆறு மட்டும். வேற ஊர்ல யாருக்காவது வந்திருக்கான்னு கேளுங்க."

அவர் என் போனிலேயே மூன்று ஊர்ச் சங்கங்களுக்குப் பேசினார். ஒருவருக்கும் ஒரு புறாவும் வரவில்லை. போனை வைத்தபோது அவர் முகத்தின் சிவப்பு இறங்கியிருந்தது.

"நல்லா இருக்காங்கன்னா போன் பண்ண வேண்டியதுதானே?" என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன். போன் பண்ண முடியலை. அதனாலதான் புறாவை அனுப்பியிருக்காங்க. கணக்குப் போடறவ வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

ரெமி அங்கே எங்கேயோ கிடக்கிறார். எங்கே என்று சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. பீன்ஸ் தோலைத் தள்ளிவிட்டு மேஜையில் காகிதத்தை வைத்தேன்.

பள்ளிக்கூடத்துக் கணக்குதான். லாரி ஆறு மணிக்கு வியெர்ஸோனில். அங்கிருந்து தெற்கே, மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வீதம் எங்களை விட்டு விலகிப் போகிறது. ஏதோ ஓரிடத்தில் நிற்கிறது. அங்கிருந்து புறா வடக்கே வருகிறது. காற்றில்லாத வெயில் நாளில் எங்கள் புறா மணிக்கு எழுபது போகும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போட்டுப் பார்த்தால் கூடை திறந்தது ஏறத்தாழ ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்று வந்தது. ஆனால் 'ஏறத்தாழ' போதாது. ஒரு நிமிடம் பிசகினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும், அந்தப் பக்கம் முழுக்கக் காடு.

"ஆகீல் எப்பவும் பூஜ்யத்துல முடியற நிமிஷத்துலதான் கூடை திறப்பான்" என்றேன். "அம்பதுன்னா அம்பது. நாப்பத்தொம்பது கிடையாது, அம்பத்தொண்ணு கிடையாது. நம்ம மணி ஆறு அம்பது."

"அவன் மணியை நம்பறியா?" நோர்பர்ட் என்னையே பார்த்தார். "நீயா?"

"நம்பறேன்."

ஆறு ஐம்பதிலிருந்து ஒன்று பதினேழு வரை ஆறு மணி இருபத்தேழு நிமிடம். எழுபதால் பெருக்கினால் நானூற்று ஐம்பத்தோரு கிலோமீட்டர், ஐந்நூறு மீட்டர். நெடுஞ்சாலை வரைபடத்தில் அளவுகோலை வைத்தேன். ஷாத்தோரூ நகரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலை காட்டுக்குள் வளைகிற இடம். பென்சிலால் புள்ளி வைத்தேன்.

நோர்பர்ட் பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். அங்கத்திய காவல் நிலையத்தைப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. புறா சொன்னது என்று இவர் சொன்னதும் அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. நோர்பர்ட்டுக்கு வந்த கோபத்தை அன்றுதான் முதல்முறையாக ரசித்தேன். கத்தினார், கெஞ்சினார், கடைசியில் அவர்கள் வண்டி அனுப்ப ஒத்துக்கொண்டார்கள்.

மூன்றரைக்கு அவர்கள் கூப்பிட்டார்கள். நோர்பர்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையாம். ரெண்டு பக்கமும் காட்டுக்குள்ள இறங்கிப் பார்த்தாச்சாம். லாரி எதுவும் இல்லையாம்."

"இன்னும் தேடச் சொல்லுங்க."

"அல்மா, கணக்கு ஒருவேளை..."

"கணக்கு சரி. தேடச் சொல்லுங்க."

மறுபடி போட்டேன். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதே விடை. ஆகீல்தான் மறுபடி மணியைக் கோட்டைவிட்டான் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நாலு இருபதுக்கு மறுபடி போன். தேடிச் சலித்து, வடக்கே இருந்த நிலையத்துக்குத் திரும்பும் வழியில், அந்த இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் வடக்கே, சாலைக்குக் கீழே புல்மேட்டில் புறாக் கூடைகள் கிடப்பதை ஒரு காவலர் பார்த்திருக்கிறார். அதற்கும் கீழே மரங்களுக்குள் லாரி. சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. ரெமி உயிரோடு இருந்தார், இடது கால் நசுங்கி, கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆகீல் இறந்துவிட்டான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். நோர்பர்ட் அடுக்களைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் நின்று அழுதார்.

அன்றே நோர்பர்ட்டின் காரில் புறப்பட்டு, மறுநாள் காலை ஷாத்தோரூ மருத்துவமனையை அடைந்தோம். ரெமியின் காலை இரவே எடுத்துவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருந்தார். நடைக்கூடத்தில் ஒரு காவல் அதிகாரி, பெரிய மீசைக்காரர், எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் பேச நோர்பர்ட் எனக்குச் சொன்னார்.

"அம்மா, எனக்கு ஒரு கையெழுத்து வேணும், ரெண்டு மூணு கேள்வியும் இருக்கு. லாரிக்குள்ள வேகத்தைப் பதியற வட்டத் தாள் இருக்கு. அதுல சக்கரம் நின்னது ஏழு நாப்பத்தி நாலு."

ஏழு நாற்பத்து நான்கா? அப்படியென்றால் ஆறு ஐம்பது எப்படி? பிறகுதான் உறைத்தது.

"உங்க மணியா?" என்றேன்.

"எங்க மணிதான். தாளை எங்க ஊர்ல மாட்டியிருக்காங்க."

அப்படியானால் எங்கள் மணி ஆறு நாற்பத்து நான்கு. முதல் கூடை ஆறு ஐம்பது. ஆறு நிமிட இடைவெளி. இருபது வருடக் கணக்குக்காரி, மே மாதத்தில் ஆகீல் விழுந்த அதே பள்ளத்தில் ஒரு கணம் விழுந்து எழுந்தேன்.

"இப்ப என் கேள்வி" என்றார் அதிகாரி. "கூடையைத் திறந்தது யாரு? உங்க வீட்டுக்காரரால நகர முடியாது. ஓட்டினவர் கழுத்து முறிஞ்சு அப்பவே போயிட்டார், மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கார். பக்கத்துப் பண்ணையில எல்லாம் விசாரிச்சாச்சு, ஒருத்தரும் அந்தப் பக்கம் போகலை."

"எத்தனை கூடை திறந்திருந்துச்சு?"

"ஆறு. மேட்டுல வரிசையா வச்சிருந்தாங்க, கதவு எல்லாம் வடக்கே பார்த்து. கம்பியை இடுக்கியால வெட்டியிருக்கு. இடுக்கி செத்தவர் சட்டைப் பையில இருக்கு. அதைக்கூட விடுங்க." அவர் மீசையைத் தடவினார். "மத்த எம்பத்தி நாலு கூடையும் கட்டின கயிறு கலையாம அப்படியே இருந்துச்சு. அந்த ஆறும் இருந்த இடம் அடி வரிசை. கடைசிச் சுவர் ஓரம். அந்த ஆறு அளவுக்குக் காலியா ஒரு குழி. மேல இருக்கற எதையும் எடுக்காம அதை எப்படி எடுத்தாங்க?"

நோர்பர்ட் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதிகாரி ஒரு காகித உறையிலிருந்து கைக்கடிகாரம் ஒன்றை எடுத்தார். "இது முதல் கூடையோட கைப்பிடியில மாட்டியிருந்துச்சு. உங்களுதா? ஓடுது, ஆனா தப்பா ஓடுது. ஒரு மணி நேரம் பின்னால இருக்கு."

சந்தையில் நான் வாங்கிய கடிகாரம்.

"சரியாத்தான் ஓடுது" என்றேன்.

மதியம் ரெமி கண் திறந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் கேட்டார், ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆகீல் எங்க?" என்றார்.

நான் துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தேன். அவர் கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்குத் தெரியும் அல்மா. பக்கத்துலதான் இருந்தான். தலை ஸ்டியரிங் மேல இருந்துச்சு. கூப்பிட்டேன், எந்திரிக்கலை. கழுத்துல கை வச்சுப் பார்த்தேன், ஒண்ணுமில்லை. அப்புறம் வெளிய யாரோ நடக்கற சத்தம். ஜன்னல் பக்கம் வந்து நின்னான்."

"யாரு?"

"யாருன்னு கேக்கறே. அவன்தான். முகம் தெரியலை, வெயில் கண்ணுல அடிச்சுது. குரல் அவனுது. 'ரெமி, வலது கை நம்ம மணி, இடது கை அவங்க மணி. அப்படித்தானே கணக்கம்மா சொன்னா?'ன்னு கேட்டான். நான் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், அவன் ஸ்டியரிங் மேலதான் கிடந்தான். அந்தப் பக்கம் நின்னு மறுபடி கேக்கறான். 'சரியா சொல்லு ரெமி, இந்தத் தடவை தப்பிடக் கூடாது.'"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாடா, வலது கைதான்னு சொன்னேன். சரின்னு போயிட்டான். கொஞ்ச நேரத்துல முதல் கூடை. இறக்கைச் சத்தம் கேட்டுச்சு. ஒவ்வொரு கூடை திறக்கும்போதும் மணியைச் சத்தமா சொன்னான். ஆறு அம்பது. ஏழு. ஏழு பத்து. கடைசியா ஏழு நாப்பதுன்னு கேட்டுச்சு. அப்புறம் கூப்பிட்டேன். யாரும் இல்லை."

சாயங்காலம் மருத்துவர் வந்தார். வயதானவர், மென்மையாகப் பேசினார். கணவர் பிழைத்துவிட்டார், நீங்கள் சொன்ன இடம்தான் பிழைக்க வைத்தது என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு மணி நேரம் முன்னால கொண்டு வந்திருந்தா காலையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றார். நோர்பர்ட் அதை எனக்குச் சொல்லாமல் விழுங்கப் பார்த்தார். அந்த அளவு பிரெஞ்சு எனக்கே தெரியும்.

ஒரு மணி நேரம். அவர்கள் தப்பான காட்டில் தேடிய ஒரு மணி நேரம். ஐந்து கிலோமீட்டர் தெற்கே.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூடைகள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் திறந்தன. புறாக்கள் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தன. ஆனால் என் வீட்டில் முதல் புறாவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஆறே நிமிடம். 1.17, 1.23. என் கையாலேயே எழுதினேன், கண் முன்னால் இருந்தது, பார்க்கவில்லை. நீலப் பெட்டை 1.13க்கே வந்துவிட்டது. நான்கு நிமிடம் என் வெள்ளை விரிப்புகளுக்கு மேல் வட்டமடித்தது. நான் கத்தியும் கையுமாக வேடிக்கை பார்த்துவிட்டு, கால் வைத்த நேரத்தை எழுதினேன். நான்கு நிமிடம், எழுபது வேகத்தில், நாலே முக்கால் கிலோமீட்டர். 1.13 என்று வைத்துப் போட்டிருந்தால் என் புள்ளி நேராக அந்தப் புல்மேட்டில் விழுந்திருக்கும்.

செத்தவன் நேரத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டான். உயிரோடு இருந்த நான்தான் தப்பாக எழுதினேன்.

ஆகீலை எங்கள் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். மூன்று வாரம் கழித்து ரெமி ஊன்றுகோல்களோடு வீட்டுக்கு வந்தார். அந்த ஞாயிறு நான் ஒரு முடிவுத் தாளை எடுத்து, எப்போதும் போல் மசியால் நிரப்பினேன். விட்ட இடம்: ஷாத்தோரூ சாலை. விட்ட நேரம்: ஆறு கூடைகளுக்கு ஆறு நேரம். விட்டவர்: ஆகீல். முப்பத்தொரு கூண்டுகளின் தூரத்தையும் புதிதாகக் கணக்கிட்டேன், அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. அது பந்தயமே இல்லை, யாருக்கும் கோப்பை கிடையாது. மதுக்கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, 'விட்ட நேரம் சரி' என்ற வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்தேன். என் பெயருக்கு நேரே இருந்த 1.17ஐ அடித்து, பக்கத்தில் 1.13 என்று எழுதி, தாளைச் சுவரில் குத்தினேன்.

ரெமி ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடந்து வந்து, தாளுக்கு முன்னால் நின்று படித்தார். கொடியில் அன்று துணி கிடந்ததை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எண்களைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. குனிந்து, இல்லாத காலை ஒரு நொடி பார்த்தார். என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, அதில் கட்டியிருந்த ஆகீலின் கடிகாரத்தில் மணி பார்த்தார்.

"நேரமாச்சு அல்மா" என்றார். "வா, வீட்டுக்குப் போலாம்."